யூத, அரபுக் கம்யூனிஸ்ட் துண்டுப் பிரசுரங்கள்: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

யூதக் கம்யூனிஸ்டுகளும் அரபுக் கம்யூனிஸ்டுகளும் அச்சடித்த பழைய துண்டுப் பிரசுரங்களைச் சேர்க்கும் பழக்கம் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாக உண்டு. அதைப் பற்றி எப்போது எழுதினாலும் இரண்டு மூன்று பேராவது கேட்டுவிடுவார்கள்: நானும் ஆரம்பிக்கலாமென்று இருக்கிறேன், எதிலிருந்து தொடங்குவது?

போன மாதம் மதுரையிலிருந்து வந்த கடிதம் கொஞ்சம் விவரமாகவே இருந்தது. எழுதியவரால் வருடத்துக்கு 40,000 ரூபாய் ஒதுக்க முடியும். ஓர் ஏலப் பட்டியலில் 1930களைச் சேர்ந்தது என்று போட்ட ஒற்றைத் தாள் நோட்டீஸ் ஒன்றைப் பார்த்துவிட்டார். ஒரு பக்கம் ஹீப்ரு, மறு பக்கம் அரபி. மொத்தப் பணத்தையும் அதிலேயே போட்டுவிடலாமா, இல்லை அதே பணத்துக்கு நியூயார்க்கில் வந்த யித்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழி) சிறுநூல்களைக் கட்டுக் கட்டாக வாங்கலாமா என்று தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருக்கிறார். கெய்ரோ, பாக்தாத் சரக்கும் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இது. நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அளவுகோல்கள்

எழுத்து தெரியுமா? மொழியே தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தால் போதும், மீதியை அகராதி பார்த்துக்கொள்ளும். ஹீப்ருவுக்கு 22 எழுத்து. அதில் ஐந்துக்கு மட்டும் சொல்லின் கடைசியில் வேறு உருவம். இரண்டு வாரம் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும். யித்திஷையும் அதே எழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதால் ஒரே உழைப்பில் இரண்டு வாசல் திறக்கும். அரபிக்கு 28. மதரசாவில் ஓதப் பழகியவர்களுக்கு அது ஏற்கெனவே கைவசம். ஆனால் ஜபர், ஜேர், பேஷ் என்கிற உயிர்க்குறிகள் எதுவும் இல்லாமல் நெருக்கி அடித்த கட்சி நோட்டீஸை முதல் தடவை பார்க்கும்போது அவர்களும் சற்றுத் திணறத்தான் செய்வார்கள்.

அசலா, பிற்காலத்து மறு அச்சா என்பதை வீட்டில் வைத்தே சோதிக்க முடியுமா? இது இரண்டாவது.

மூன்றாவது, வந்த வழி. தாள் யார் வீட்டிலிருந்து, எந்தக் கட்டோடு வந்தது? தலைமறைவுக் கட்சி நோட்டீஸில் பெரும்பாலும் தேதி இருக்காது, அச்சகத்தின் பெயர் இருக்காது. வந்த வழியும் தெரியவில்லையென்றால் அது வெறும் பழைய தாள்.

நான்காவது, விலைக்கு மேல் ஆகிற செலவு. இதைக் கடைசியில் தனியாகப் பார்க்கலாம்.

ஐந்தாவதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்: ஜோடி கிடைக்குமா? ஒரு பிரசுரத்தின் பக்கத்தில் வைத்துப் படிக்க இன்னொன்று வேண்டும். அதே வாரத்தில் எதிரணி போட்டதாக இருக்கலாம், அதே அறிக்கையின் இன்னொரு மொழி வடிவமாக இருக்கலாம், அதே கட்சி இரண்டு வருடம் கழித்துத் தன் பேச்சை மாற்றிக்கொண்டு எழுதியதாக இருக்கலாம். உலகத்திலேயே மூன்று பிரதிதான் மிச்சம் என்கிற தாளைத் தனியாக வைத்திருப்பவரைவிட, மலிவான இரண்டை அருகருகே வைத்திருப்பவருக்குத்தான் விஷயம் தெரியும். அரிதானது என்று சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

| வகை | கிடைப்பது | விலை | எழுத்து | ஏமாறும் ஆபத்து |
|---|---|---|---|---|
| பாலஸ்தீனம், 1948 வரை | மிக அரிது | மிக அதிகம் | ஹீப்ரு, அரபி, யித்திஷ் | அதிகம் |
| யித்திஷ் (நியூயார்க், பாரிஸ், வார்சா, மாஸ்கோ) | தாராளம் | குறைவு, சில விதிவிலக்கு | ஹீப்ரு எழுத்து | குறைவு |
| கெய்ரோ, பாக்தாத் | அநேகமாக இல்லை | சொல்ல முடியாது | அரபி, பிரெஞ்சு | மிக அதிகம் |
| இஸ்ரேல், 1948க்குப் பின் | ஓரளவு | நடுத்தரம் | ஹீப்ரு, அரபி | நடுத்தரம் |
| தாளே இல்லாமல் டிஜிட்டல் | எப்போதும் | இல்லை | எல்லாம் | இல்லை |

1. பிரிட்டிஷ் காலத்துப் பாலஸ்தீனம்

மதுரைக்காரரின் கண் விழுந்தது இங்கேதான். எல்லோருடைய கண்ணும் முதலில் இங்கேதான் விழும்.

கதை 1919இல் ஆரம்பிக்கிறது. சோஷலிஸ்டுத் தொழிலாளர் கட்சி என்று ஒன்று பாலஸ்தீனத்தில் பிறந்தது. அதன் ஹீப்ரு முதலெழுத்துகளைச் சேர்த்து எதிரிகள் வைத்த பட்டப்பெயர் "மோப்ஸ்". 1921 மே தினத்தில் ஜாஃபா, டெல் அவீவ் பக்கம் இவர்கள் நடத்திய ஊர்வலம் இன்னொரு யூதத் தொழிலாளர் ஊர்வலத்தோடு மோதியது. அதையடுத்து ஜாஃபாவில் பெரிய கலவரம் மூண்டது. யித்திஷிலும் அரபியிலும் இவர்கள் விநியோகித்த நோட்டீஸ்கள் அப்போதே பேசுபொருள். பிறகு பிளவு, மறுபடி இணைப்பு. 1923இல் பாலஸ்தீனக் கம்யூனிஸ்ட் கட்சி உருவாகி, 1924இல் கம்யூனிஸ்ட் அகிலத்தில் (மாஸ்கோ தலைமையில் இயங்கிய உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு) சேர்ந்தது. கட்சியைச் சுருக்கமாக "பி.கே.பி." என்பார்கள். அந்த மூன்று எழுத்தும் யித்திஷ் பெயரிலிருந்து வந்தவை. ஹீப்ருவை அந்த மண்ணின் மொழியாக்க மற்றவர்கள் வரிந்து கட்டிக்கொண்டிருந்த ஊரில், யித்திஷில் பெயர் வைத்துக்கொண்டதே ஓர் அரசியல் அறிவிப்புத்தான்.

அகிலம் விடாமல் சொன்னது ஒன்று: கட்சியை அரபுமயமாக்கு. 1934இல் ரித்வான் அல் ஹிலூ என்ற அரபு ஊழியர் செயலாளர் ஆனார். 1943இல் கட்சி யூதர், அரபுகள் என்று இரண்டாக உடைந்தது. அரபுத் தோழர்கள் அடுத்த ஆண்டு தேசிய விடுதலைக் கழகத்தை அமைத்தார்கள். ஹைஃபாவில் "அல் இத்திஹாத்" பத்திரிகை 1944 மே 14 அன்று வெளிவந்தது. எமில் ஹபீபி, எமில் தூமா, தவ்ஃபீக் தூபி ஆகியோர் அந்த வட்டத்தின் முக்கியப் பெயர்கள்.

இப்போது நடைமுறை. 1920, 30களின் தலைமறைவு நோட்டீஸ்கள் எங்கே மிஞ்சின? பிடித்த போலீஸ்காரரின் கோப்பிலும், ஒழுங்காகப் பிரதி அனுப்பப்பட்ட மாஸ்கோவின் அகில ஆவணங்களிலும். வைத்திருந்தவர்கள் கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அடுப்பில் போட்டார்கள். ஆகவே சந்தைக்கு வருவது தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு. அதற்குப் போட்டி போடுகிறவர்கள் நூலகங்களும் ஆழமான பை உள்ளவர்களும். 40,000 ரூபாயோடு அந்தப் பந்தியில் உட்கார்ந்தால் இலை போடுவதற்குள் எழுந்துவர வேண்டியதுதான்.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு வியாபாரியிடம் 110 டாலருக்கு "1932, சைக்ளோஸ்டைல்" என்று போட்ட ஹீப்ரு நோட்டீஸ் வாங்கினேன். தாள் பழுப்பு, ஓரம் கிழிசல், மடிப்பில் அழுக்கு. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ரூபாய் நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை அடித்தேன். தாள் புது வேட்டி மாதிரி நீல வெள்ளையாக ஜொலித்தது. தாளுக்கு வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கும் வழக்கம் 1950ஐ ஒட்டித்தான் பரவியது. 1932ஆம் வருடத் தாள் அப்படி ஜொலிக்க வாய்ப்பே இல்லை. மேலே தெரிந்த பழுப்பு, தேயிலைத் தண்ணீரோ என்னவோ. பணம் திரும்பி வரவில்லை. தாளை இன்னும் வைத்திருக்கிறேன், டார்ச் சோதனையை யாருக்காவது காட்டுவதற்கு.

இரண்டாவது சோதனை பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். சைக்ளோஸ்டைல் (மெழுகுத்தாள் வழியே மை இறக்கும் நகல் அச்சு) மை தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும். எழுத்தின் ஓரம் சற்றுப் பிசிறும், மூடிய வளையங்களில் மை அடைத்துக்கொள்ளும். ஜெராக்ஸ் பொடி தாளின் மேல் உட்கார்ந்து, சாய்த்துப் பார்த்தால் மினுங்கும். சாம்பல் நிறப் பகுதி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது புகைப்படம் எடுத்து அடித்த மறு அச்சு. கெட்ட எண்ணமே இல்லாமல் ஆண்டுவிழாவுக்காகக் கட்சிக்காரர்களே போட்ட மறு அச்சாகவும் இருக்கலாம், அடுத்தடுத்துக் கைமாறும்போது "அசல்" ஆகியிருக்கும்.

இந்த வகை யாருக்குப் பொருந்தும்? ஹீப்ரு, அரபி இரண்டும் படிக்கத் தெரிந்து, இதைப் பற்றி எழுதவும் போகிறவருக்கு. அவருக்குமே நான் சொல்வது, 1930களின் ஒற்றைத் தாளை விட்டுவிட்டு 1944 முதல் 1948 வரையிலான வெளிப்படையான அச்சுச் சிறுநூல்களைப் பாருங்கள் என்பதுதான். இரண்டாம் உலகப் போரில் சோவியத் யூனியன் பிரிட்டனின் கூட்டாளி ஆனபிறகு கட்சிக்கு வெளியே வர இடம் கிடைத்தது. ஓரளவு முறையாக அச்சடித்தார்கள். ஜோடியும் அங்கேதான் அருமையாக அமையும். 1947 மே மாதம் ஐ.நா.வில் சோவியத் பிரதிநிதி குரோமிகோ பேசியதற்கு முன்னால் ஒரே சுதந்திர நாடு என்று எழுதியவர்கள், நவம்பரில் பிரிவினைத் தீர்மானத்துக்கு மாஸ்கோ கை தூக்கியபின் என்ன எழுதினார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அரபு அணிக்குள்ளேயே அந்த முடிவு எத்தனை பேரின் தொண்டையில் சிக்கியது என்று புரியும்.

2. யித்திஷ்: நியூயார்க், பாரிஸ், வார்சா, மாஸ்கோ

தொடங்குகிறவருக்குப் பணத்துக்கேற்ற சரக்கு இங்கேதான். காரணம் எளிது. இங்கே பெரும்பாலானவை தலைமறைவாக அடித்தவை அல்ல, ஆயிரக்கணக்கில் அடித்து ஐந்து சென்ட், பத்து சென்ட்டுக்கு விற்றவை. நியூயார்க்கில் 1922இல் தொடங்கிய "மார்கன் ஃப்ரைஹைட்" நாளிதழ் 1988 வரை வந்தது. 1930இல் உருவான சர்வதேசத் தொழிலாளர் சங்கம் கம்யூனிஸ்டுகள் பின்னால் நின்று நடத்திய காப்பீட்டுச் சங்கம். உச்சத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் உறுப்பினர். யூதப் பிரிவுதான் அதில் பெரிது. பள்ளிக்கூடம், பாடகர் குழு, கோடை முகாம், அத்தனைக்கும் சிறுநூல். பனிப்போர்க் காலத்தில் நியூயார்க் மாநிலக் காப்பீட்டுத் துறை அதைச் சட்டப்படி கலைத்தேவிட்டது. ஒரு கட்சி அமைப்பைக் காப்பீட்டு விதியைக் காட்டி மூடிய கதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

இவை தாத்தா பாட்டி வீட்டைக் காலி செய்யும்போது பெட்டி பெட்டியாக வெளியே வரும். மாசச்சூசெட்ஸில் 1980இல் தொடங்கிய யித்திஷ் புத்தக மையம் அப்படிக் குப்பைக்குப் போகவிருந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. பல ஆயிரம் தலைப்புகளை இலவசமாக இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அங்கே ஒரு தடவை தேடிவிடுங்கள். முழுசாகப் படிக்கக் கிடைக்கிறதென்றால் தாளுக்காக மட்டும் எவ்வளவு கொடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

அசலைக் கண்டுபிடிக்க இங்கே எழுத்துமுறையே கைகொடுக்கும். வழக்கமான யித்திஷில், ஹீப்ருவிலிருந்து வந்த சொற்களை ஹீப்ருவில் எப்படியோ அப்படியே எழுதுவார்கள். சோவியத்தில் அதை மாற்றி, உச்சரிப்பது போலவே எழுத வைத்தார்கள். மாஸ்கோவின் "டேர் எமெஸ்" பத்திரிகை (உண்மை என்று பொருள், "பிராவ்தா"வின் யித்திஷ் உறவு) தன் பெயரையே அப்படித்தான் போட்டுக்கொண்டது. 1930களின் தொடக்கத்தில் இன்னொரு படி போய், சொல்லின் கடைசியில் வரும் அந்த ஐந்து தனி உருவங்களையும் விட்டார்கள். 1961இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே "மின்ஸ்க், 1935" என்று அட்டையில் போட்டு, உள்ளே கடைசி உருவங்கள் ஒழுங்காக இருந்தால் புருவத்தை உயர்த்துங்கள். மொழி தெரியாமலே செய்யக்கூடிய சோதனை இது.

ஜோடி? இந்த வகையில்தான் மனசைப் பிசைகிற ஜோடி இருக்கிறது. 1948 நவம்பரில் ஸ்டாலின், சோவியத் யூதர்களின் பாசிச எதிர்ப்புக் கமிட்டியைக் கலைத்தார். 1952 ஆகஸ்ட் 12 அன்று யித்திஷ் எழுத்தாளர்கள் உட்பட 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெளியே சொல்லவில்லை. எழுத்தாளர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்களை நியூயார்க் கம்யூனிஸ்டு வட்டம் அவதூறு பரப்புகிறவர்கள் என்று ஏசிக்கொண்டிருந்தது. 1956 ஏப்ரலில் வார்சாவின் கம்யூனிஸ்டு யித்திஷ் பத்திரிகை "ஃபோல்க்ஸ் ஷ்டிமே" விஷயத்தை உடைத்தது. 1950ஐ ஒட்டிய ஒரு சிறுநூலையும் 1956, 57இல் வந்த ஒன்றையும் நான் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். முதலாவதன் அட்டை சிவப்பு, பெரிய எழுத்து, ஆச்சரியக்குறி. இரண்டாவதன் அட்டை வெறும் சாம்பல். இரண்டையும் சேர்த்து வாங்கியது அப்போதைய விலையில் ஒரு நல்ல பிரியாணிச் சாப்பாட்டுக்கு மேல் இல்லை. தபால் செலவுதான் அதைப்போல மூன்று மடங்கு.

விலை எகிறும் விதிவிலக்குகள் இரண்டு. ஒன்று, சோவியத் தூரக் கிழக்கில் யூதர்களுக்கென்று ஒதுக்கிய பிரோபிட்ஜான் குடியேற்றத்தை ஆதரித்து 1920, 30களில் வந்த சோவியத் போஸ்டர்களும் அழகிய அட்டைகளும். அவற்றுக்கு வடிவமைப்பு ரசிகர்கள் போட்டிக்கு வருவார்கள். இன்னொன்று, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் கால பாரிஸில் யூதக் கம்யூனிஸ்டுகள் தலைமறைவாக அடித்த யித்திஷ் தாள்கள். கண்டால் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

இதன் குறை ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. யூத, அரபு இயக்கங்கள் இரண்டும் உரசிய இடம்தான் உங்களை இழுத்தது என்றால், நியூயார்க் பெட்டியில் அரபு பக்கம் இருக்காது. வீட்டின் ஒரு அறைதான் கிடைக்கும்.

3. கெய்ரோவும் பாக்தாதும்

இதை வாங்காதீர்கள். படியுங்கள்.

வரலாறாகப் பார்த்தால் நாலு வகையிலும் எனக்குப் பிடித்தது இதுதான். கெய்ரோவில் புத்தகக் கடை வைத்திருந்த ஆன்ரி கூரியேல் 1943இல் எகிப்திய தேசிய விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார். ஹிலல் ஷ்வார்ட்ஸ் "இஸ்க்ரா" குழுவை நடத்தினார். 1947இல் இரண்டும் இணைந்து "ஹதேத்து" ஆனது. பிரெஞ்சு பேசி வளர்ந்த யூத இளைஞர்கள், எகிப்தியத் தொழிலாளிக்கு அரபியில் நோட்டீஸ் எழுதினார்கள். 1950இல் கூரியேலை நாடு கடத்தினார்கள். பாரிஸில் அவரும் தோழர்களும் "ரோம் குழு" என்ற பெயரில் இயங்கினார்கள். 1978 மே 4 அன்று பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழுவின் தாள்கள் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சர்வதேசச் சமூக வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன.

பாக்தாதில் 1945 முடிவில் கம்யூனிஸ்டு யூத இளைஞர்கள் சியோனிச (பாலஸ்தீனத்தில் யூத நாடு கோரும் இயக்கம்) எதிர்ப்புக் கழகம் அமைத்தார்கள். 1946 வசந்தத்தில் அரசு அனுமதி கொடுத்தது, "அல் உஸ்பா" என்று பத்திரிகை போட்டார்கள், சில மாதத்திலேயே தடை. சியோனிசம் அரபுகளுக்கும் யூதர்களுக்கும் ஒருசேர எதிரி என்று யூசுஃப் ஹாரூன் ஸில்கா எழுதிய சிறுநூல் அந்த ஆண்டுதான் வந்தது. 1949 பிப்ரவரியில் ஈராக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஃபஹ்தைத் தூக்கிலிட்டார்கள். அந்த நாட்களில் தூக்கு மேடை ஏறியவர்களில் யஹூதா சித்தீக் என்ற யூதத் தோழரும் உண்டு.

சரி, தாள் எங்கே? ஈராக்கில் 1938 முதலே கம்யூனிஸ்டுப் பிரசாரம் குற்றம். 1950, 51இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் சொற்ப மூட்டையோடு நாட்டைவிட்டுப் போனார்கள். சுங்கச் சோதனையைத் தாண்டிப் போகிற பெட்டியில் எந்தத் தாய் மகனின் நோட்டீஸை வைப்பாள்? மிஞ்சியவை அரசுக் கோப்புகளில். அங்கேதான் சிக்கல். 2003இல் ஈராக்கிய நூலகங்களும் ஆவணக் கூடங்களும் சூறையாடப்பட்டன. 1990 ஆகஸ்டுக்குப் பிறகு ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய பண்பாட்டுப் பொருள்களின் வியாபாரத்தைத் தடுக்கும்படி ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் சொல்கிறது. "பாக்தாத், 1946" என்று ஒரு தாள் விற்பனைக்கு வந்து, குடும்பத்தாரிடமிருந்து வந்தது என்பதற்குக் கடிதமோ கையெழுத்தோ இல்லையென்றால் அது போலி அல்லது திருட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சாத்தியம் உண்டு, ஆனால் அதற்கு உங்கள் 40,000த்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

இந்த வகை வாங்கத் தகுந்த ஒரே சந்தர்ப்பம்: ஒரு குடும்பத்தை நேரடியாகத் தெரிந்து, அவர்களே கொடுக்கும்போது. அப்போதும் முதலில் ஸ்கேன் எடுத்து அவர்களிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டுத்தான் தாளைத் தொட வேண்டும்.

4. இஸ்ரேல், 1948க்குப் பிறகு: மாக்கி, ராக்காஹ், மட்ஸ்பென்

1948இல் யூத, அரபுக் கம்யூனிஸ்டுகள் மீண்டும் ஒரே கட்சியானார்கள். அதுதான் மாக்கி. சட்டபூர்வமான கட்சி, நாடாளுமன்றத்தில் 1949இல் 4 இடம், 1955இல் 6. ஆகவே தேர்தல் நோட்டீஸ், சிறுநூல், மே தின மலர் எல்லாம் இரண்டு மொழியிலும் அச்சகப் பெயரோடு கிடைக்கும். நீங்கள் தேடி வந்த யூத, அரபுச் சந்திப்பு இங்கே இருக்கிறது. விலை பாலஸ்தீனத் தலைமறைவுத் தாள்களின் பக்கத்தில்கூட வராது.

தேதி கண்டுபிடிக்க ஓர் எளிய வழி, வாக்குச்சீட்டு எழுத்து. இஸ்ரேலில் கட்சிகளுக்குச் சின்னத்துக்குப் பதில் ஹீப்ரு எழுத்து. மாக்கிக்குக் "கோஃப்". 1965இல் கட்சி உடைந்து, பெரும்பாலும் அரபு ஆதரவோடு ராக்காஹ் பிரிந்தபோது அதற்கு "வாவ்". ஒரு பொறி வைத்திருக்கிறார்கள், கவனம்: பழைய மாக்கி 1970களில் கரைந்து போனது, 1989இல் ராக்காஹ் தன்னை மாக்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது. "மாக்கி" என்று அச்சிட்டிருந்தாலே 1950கள் என்று விலை சொல்கிறவர்களிடம் எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே ஜோடிகளுக்குப் பஞ்சமே இல்லை. 1967 போரைப் பற்றி மாக்கி ஒன்று சொன்னது (தற்காப்பு என்றது), ராக்காஹ் நேர் எதிராகச் சொன்னது. ஒரே தாய்க் கட்சியின் இரண்டு பிள்ளைகள். மூன்றாவதாக 1962இல் மாக்கியிலிருந்து பிரிந்துபோன சிறு குழுவின் "மட்ஸ்பென்" இதழையும் சேர்த்தால் மும்மூர்த்தி. மட்ஸ்பென் ஆட்கள் சொற்பம், ஆனால் எழுதியது ஏராளம்.

நான் இன்னும் தேடிக்கொண்டிருப்பதும் இந்த வகையில்தான். 1956 அக்டோபர் 29 அன்று கஃபர் காசிம் கிராமத்தில் எல்லைக் காவல் படையினர் வயலிலிருந்து திரும்பிய கிராமத்தாரைச் சுட்டார்கள். ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். ராணுவத் தணிக்கை செய்தியை அடைத்தது. மாக்கியின் மெயிர் வில்னரும் தவ்ஃபீக் தூபியும் கிராமத்துக்குள் போய்ச் சாட்சியங்களை எடுத்து வந்தார்கள். பத்திரிகையில் போட முடியாததால் தூபி அதை ஓர் அறிக்கையாக்கித் தபாலில் அனுப்பினார். செய்தி வெளியே வர அந்தத் தாளும் ஒரு காரணம். அதன் அசல் பிரதி ஒன்றை, மடித்த கோடும் தபால் உறையுமாக, ஒரு நாள் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. விலைக்கு வந்தால் என் விதிகளையெல்லாம் மறந்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

குறைகள்: 1950களின் தாள் மட்டமானது, மரக்கூழ்த் தாள், அப்பளம் மாதிரி நொறுங்கும். அரபிச் சிறுநூல்களைவிட ஹீப்ருச் சிறுநூல்கள் எளிதில் கிடைக்கும் என்பதால், கவனிக்காவிட்டால் உங்கள் சேகரிப்பு தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அரபிப் பிரதி வந்தால் சற்றுக் கூடுதல் கொடுத்தாவது எடுங்கள்.

5. தாளே வேண்டாம் என்றால்

வெட்கப்பட ஒன்றுமில்லை. இஸ்ரேல் தேசிய நூலகம் பழைய ஹீப்ரு, யித்திஷ், அரபிப் பத்திரிகைகளை இணையத்தில் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. பிர்ஸெய்த்தில் உள்ள பாலஸ்தீன அருங்காட்சியகத்தின் டிஜிட்டல் ஆவணகம் குடும்பங்களிடமிருந்த தாள்களை ஸ்கேன் செய்து போடுகிறது. தரவிறக்கி, தேதி, மொழி, கட்சி, ஜோடி என்று நாலு பத்தியில் அட்டவணை போட்டால் ஆறு மாதத்தில் விற்பனையாளர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்துவிடும். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இதுவே போதும். தாளைத் தொட்டால்தான் திருப்தி என்கிற என் மாதிரி ஆட்களுக்கு இது பயிற்சிக்களம்.

விலைக்கு மேல் ஆகும் செலவு

ஏலத்தில் சுத்தியல் விழுகிற விலையை உங்கள் விலை என்று நினைக்காதீர்கள். ஏல நிறுவனத்தின் கமிஷன் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம், அதன் மேல் வரி, அனுப்பும் செலவு, காப்பீடு, அட்டையில் டாலர் மாற்றும் கட்டணம், இங்கே சுங்கம். 20,000 ரூபாய்க்குக் கேட்டது கைக்கு வரும்போது 30,000த்தைத் தொட்டிருக்கும். அதனால்தான் ஒரே விற்பனையாளரிடம் ஏழெட்டுச் சிறுநூலைச் சேர்த்து ஒரே பார்சலாக வாங்கச் சொல்கிறேன். பத்துச் சிறுநூல் வந்தாலும் ஒரு நோட்டீஸ் வந்தாலும் தபால்காரருக்கு ஏறக்குறைய ஒரே கூலிதான்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஈரத்தில் ஸ்டாப்ளர் பின் ஒரே மழைக்காலத்தில் துருவைத் தாளுக்குள் இறக்கிவிடும். வாங்கியதும் பின்னை மெதுவாகக் கழற்றுங்கள். அமிலமில்லாத உறை, அட்டைப்பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம். லேமினேஷன் கூடவே கூடாது, செல்லோடேப்பும். பகலில் ஏசி, ராத்திரி அணைப்பு என்று மாறி மாறி வைப்பதைவிட ஏசியே இல்லாத உள்ளறை மேல். ராமபாணப் பூச்சிக்கு யித்திஷும் அரபியும் ஒன்றுதான், மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்க்காவிட்டால் அதுதான் உங்கள் முதல் வாசகர்.

மதுரைக்காரருக்கு

என் கணக்கு இது. முதல் ஆறு மாதம் தாளுக்குப் பைசா செலவில்லை: ஹீப்ரு எழுத்து, இணையத்து நூலகங்கள், ஒரு லென்ஸ், ஒரு டார்ச். பிறகு 15,000 ரூபாய்க்குள் யித்திஷ் பார்சல் ஒன்று, அதில் 1956க்கு இரண்டு பக்கமும் இருக்கும்படி. மீதியில் 1965 பிளவை ஒட்டிய மாக்கி, ராக்காஹ் சிறுநூல்கள், ஹீப்ருவும் அரபியும் சரிபாதியாக. பாலஸ்தீன நோட்டீஸை மூன்று வருடம் கழித்துப் பார்க்கலாம். கெய்ரோவுக்கு ஆம்ஸ்டர்டாம் இருக்கிறது.

அவர் பார்த்த அந்த இருமொழி நோட்டீஸை நேரடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏல நிறுவனத்துக்கு மூன்று கேள்வி எழுதிக் கேட்கச் சொன்னேன்: அரபிப் பக்கத்தின் தெளிவான படம், புற ஊதா வெளிச்சத்தில் ஒரு படம், யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி. நான்கு நாளில் பதில் வந்தது. ஹீப்ருப் பக்கத்தின் அதே படத்தை, இன்னும் பெரிதாக்கி அனுப்பியிருந்தார்கள். அவர் இப்போது லாமெத் வரைக்கும் வந்துவிட்டதாகச் சொல்கிறார். ஆலெஃபிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது எழுத்து.